சித்தி மகளின் நாற்பது பக்க நோட்டு

எங்கள் வீட்டில் படிக்கிற மேசை ஒன்றுதான், படிக்கிற பிள்ளைகள் இரண்டு. ஒருத்தி நான். இன்னொருத்தி சித்தி மகள். வால்பாறையில் அவர்கள் எஸ்டேட் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டதால், கோயம்புத்தூருக்கு வந்து எங்களோடு தங்கி, என் வகுப்பிலேயே படித்தவள். ஜன்னலோரம் காற்று வரும் அந்த மேசை நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னுடையது. தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் பத்தாவது படித்த வருடம், அப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: திருப்புதல் தேர்வில் அறிவியலில் யார் கூட வாங்குகிறார்களோ, பொதுத்தேர்வு முடியும்வரை மேசை அவர்களுக்கு.

நான் அசரவில்லை. புத்தகத்தின் எல்லா வரிக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஒரே பாடத்தைப் பத்துத் தடவை உரக்கப் படிப்பேன். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, நீங்க கத்தற கத்துல எங்க எருமைக்கே நியூட்டன் விதி வந்துபோச்சுங்க. பரிச்சைக்கு அதையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்பார்.

சித்தி மகளோ இரண்டு பக்கம் படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், சாக்பீஸோடு வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய்விடுவாள். துவைக்கிற கல்லில் நினைவிலிருந்து எழுதுவாள். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒத்துப் பார்த்து, பக்கத்தில் விரிந்து கிடக்கும் நாற்பது பக்க நோட்டில் என்னவோ குறிப்பாள். ஒரு சொம்புத் தண்ணீரில் கல்லைக் கழுவிவிட்டு ஸ்கிப்பிங் ஆடப் போய்விடுவாள். "சத்தமில்லாமப் படிக்குது பாரு புள்ள" என்று அம்மா அவளுக்கு மட்டும் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இரண்டு கூடுதலாக வைப்பாள். கச்சாயம் தின்னாமலே எனக்கு வயிறு எரிந்தது.

சூட்சுமம் அந்த நோட்டில்தான் என்று முடிவு கட்டினேன். பரீட்சைக்கு வரப்போகும் கேள்விகளை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரம், அறிவியல் பக்கங்கள் ஏழையும் எழுதி எடுத்துக்கொண்டேன். அப்புறம் புத்தகத்தைத் தொடவேயில்லை. அந்த ஏழு பக்கத்தையும் தலைகீழாகச் சொல்லுமளவு உருப்போட்டேன்.

வினாத்தாளில் அதிலிருந்து வந்தவை இரண்டே கேள்விகள். ஒளிச்சேர்க்கை, இதயத்தின் படம் என்று மிச்சமெல்லாம் நோட்டில் இல்லாதவை. அவளுக்குத் தொண்ணூற்றொன்று. எனக்கு ஐம்பத்து நான்கு.

அன்று சாயங்காலம் மேசையிலிருந்து என் புத்தகங்களை எடுத்தபோது, அந்த ஏழு தாளும் அவள் காலடியில் விழுந்தன. எடுத்துப் பார்த்தவள் கண்ணை விரித்தாள்.

"ஏன்டி, இதையா படிச்சே? இது எனக்கு வராததுடி! மறந்தத மட்டும் குறிச்சு வெச்சேன். வந்ததயெல்லாம் எதுக்கு எழுதோணும்? உனக்கு வராதத நீதானே எழுதோணும்."

அவள் மேசையை ஜன்னலிலிருந்து இழுத்து நடுவில் போட்டாள். எதிரெதிரே இரண்டு நாற்காலி. புது நோட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினாள். தோற்றவளுக்குப் போடும் பிச்சை என்றே அதை நினைத்தேன். ஆனாலும் அவளைப்போல் மார்க் வாங்கும் ஆசை விடவில்லை. ஒரு பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, எழுதிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க எனக்கு வராதவை. அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இடது கையால் மறைத்துக்கொண்டேன்.

எதிரே அவள் நோட்டு விரித்தபடியே கிடந்தது. துவைக்கிற கல்மேலும் அது அப்படித்தான் கிடந்திருந்தது. கேட்டிருந்தால் அவளே காட்டியிருப்பாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.