படகுக்குள் தண்ணீர் விட்ட நாள்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் கும்பகோணம் பேருந்தில் ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஊருக்குள் ஓடும் புதாற்றில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியவனில்லை. அப்படிப்பட்டவனைத்தான் அக்கா போனில் கூப்பிட்டு, தரங்கம்பாடி போகிறோம், படகைப் பார்க்க நீயும் வா என்றாள். அத்தானைத் தடுப்பதற்குத்தான் ஆள் சேர்க்கிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அத்தான் விஷயம் இதுதான். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகை வாங்கினார். முப்பதடி நீளம், ஃபைபர் உடம்பு. அதில் தன்னந்தனியாக அந்தமான் போய்வரப் போவதாகக் குடவாசல் முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில் 'கேப்டன்' என்றே கூப்பிடுகிறார்கள். அனுமதி வாங்க அவர் நிஜமாகவே அலைய ஆரம்பிக்கும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கும்பகோணத்தில் பேருந்து மாறிக் குடவாசல் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. வீட்டு வாசலில் நின்ற குட்டியானை வண்டியின் பின்பக்கம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினும் சுருட்டிய ஹோஸும் ஏறியிருந்தன. கடலில் தண்ணீர் போதவில்லையா என்று கேட்டேன். அக்கா முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அத்தானும் நானும் இன்ஜினுக்குத் துணையாகப் பின்னால் உட்கார்ந்தோம்.

பூந்தோட்டம், பேரளம், பொறையார் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. பாதிச் சாலையில் நெல் காய்ந்ததால் வண்டி மீதிப் பாதியில் ஊர்ந்தது. பேரளத்தில் டீ குடிக்க இறங்கினோம், பன்னிரண்டு ரூபாய். அந்தமானுக்கு விமானம் இருக்கிறதே சார் என்றார் டிரைவர். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்து, டிரைவரே காசு கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ஃபைபர் படகுப் பட்டறை. மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே, கட்டைகள்மேல் முட்டுக்கொடுத்து எங்கள் கேப்டனின் படகு நின்றது. பட்டறை ஆரோக்கியமேரியுடையது. படகு கட்டும் தொழிலைப் படித்து, அப்பாவுக்குப் பிறகு நடத்துகிறவர்.

அத்தான் படகின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். பழைய காலத்துப் படகு, கையால் அடுக்கடுக்காகப் போட்ட ஃபைபர், விரற்கடைக் கனம் இருக்கிறது, இப்போது வருகிறவை நடுவில் நுரையை வைத்துக் கட்டிய அப்பளங்கள் என்றார். ஆரோக்கியமேரி ஒத்துக்கொள்ளவில்லை. அப்பளம்தான் வேகமாகப் போகும், நன்றாகக் கட்டினால் உடையாது. கனத்தை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது, இணைப்புகளைப் பார்க்க வேண்டும் என்றார். படகுக்கு அடியில் தொங்கும் ஈயக்கட்டையை அவர்கள் கீல் என்கிறார்கள். படகு கவிழாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அதை உடம்போடு சேர்க்கும் போல்ட்டுகளில் ஒன்று இற்றுப்போனாலும் நடுக்கடலில் கதை முடிந்தது. அரைமணி நேரம் வாதாடினார்கள். வாயைத் திறக்காவிட்டாலும் நான் முழுக்க ஆரோக்கியமேரி கட்சியில் இருந்தேன்.

அக்கா குறுக்கே வந்தாள்.

"ஏன் பேசிக்கிட்டே இருக்கீங்க? புதுசா சிமெண்ட் தொட்டி கட்டினா ரொப்பிவச்சுத்தானே பார்ப்போம். உள்ள தண்ணி விடுங்க. ஒழுகினா தெரிஞ்சுடும்."

ஆயில் இன்ஜின் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஆரோக்கியமேரி சிரித்துவிட்டு, கீல் இணைப்பைப் பார்க்க அது நல்ல வழிதான், முட்டுகளை மட்டும் இறுக்கிக்கொள்வோம் என்றார். பட்டறைக் கிணற்றில் ஹோஸை இறக்கினோம். இன்ஜின் படபடத்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, கடலுக்குப் போகும் படகுக்குள் தண்ணீர் இறைக்கும் குடவாசல்காரர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹோஸைப் பிடிக்க நான் உள்ளே இறங்கினேன். சின்ன அறை, இரண்டு பக்கமும் படுக்கை. வலப்பக்கப் படுக்கையைப் பலகை வைத்து அடைத்துக் குடிதண்ணீர்த் தொட்டியாக மாற்றியிருந்தார் அத்தான். போவது ஒரே ஆள், இரண்டாவது படுக்கை எதற்கு என்று ஆரோக்கியமேரியிடம் கேட்டாராம். தரைப்பலகை மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் அடியில் குனிந்து பார்த்தோம்.

ஒழுகு, ஒழுகு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மதியம் மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகும் கீலைச் சுற்றிப் பொட்டு ஈரமில்லை. நல்ல படகுங்க என்றார் ஆரோக்கியமேரி. இனி அத்தானை யார் தடுப்பது?

அக்கா படகு நிழலில் உட்கார்ந்து, ஏன் தனியாகத்தான் போக வேண்டும் என்று கேட்டாள். அத்தான் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார். சிங்கப்பூரில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். குளிக்க வரிசை, வீட்டுக்குப் பேசினால் பதினோரு பேர் காதில் விழும். ஒரு தடவையாவது பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லாமல் தூங்கி எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவர் இதையெல்லாம் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

"தனியா இருக்குறது எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டிருக்கலாமேங்க" என்றாள் அக்கா. "அதே பதினெட்டு வருஷம் நான் அப்படித்தானே இருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து படகுக்குள் போனார். உள்ளே பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே தலையை நீட்டி ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தத் தொட்டிய எடுத்துடுங்க. பழையபடி படுக்கையாவே இருக்கட்டும்."

"முதல்ல நாகப்பட்டினம் வரைக்கும்" என்றாள் அக்கா. "அந்தமானெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

எனக்கு உடம்பே லேசானது. படகின் அடியில் இருந்த திருகு மூடியை நானே கழற்றினேன். உள்ளே விட்ட தண்ணீர் மணலில் கொட்டியது. அந்த நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

திரும்பும்போது அத்தானை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அக்கா என்னோடு பின்னால் ஏறிக்கொண்டாள். பேரளம் தாண்டியதும் டிரைவர் முதுகுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைத் தட்டி, நீச்சல் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று கத்திக் கேட்டாள். ஆற்றில் தண்ணீர் வரட்டும், நானே சொல்லித்தருகிறேன் என்று அத்தானும் கத்தினார்.

இரவு எட்டு மணிக்குத் தஞ்சாவூரில் இறங்கி, புதாற்றுப் பாலத்தில் நடந்தேன். கீழே வெறும் தரை, நாலைந்து நாய்கள். வயலுக்காக மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஊரே கேட்கும். எனக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இந்த வருடம் நானும் கேட்கப் போகிறேன்.