ஒரே ஒரு பிலிமும் ஒரு தாமரைக்கோழியும்

இதையெல்லாம் எழுத நான் யார் என்று பலமுறை தயங்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சின்னமனூரில் சின்னக் கடை வைத்து, பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற வேலை. நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001-ஆம் வருடம், ஆடி மாதம். அணைத் தண்ணீர் வந்து, எங்கள் பக்கம் முழுக்க முதல் போக நடவு நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வயல்வெளிக்குக் கிளம்பிவிடுவேன். ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் தொழிலை விட்டபோது வாங்கிய பழைய கேமரா, நீள லென்ஸோடு. மீன்கொத்தி, கொக்கு, கீரி, எது கண்ணில் பட்டாலும் எடுப்பேன்.

ஆனால் நான் ஏங்கியது ஒரே ஒரு படத்துக்கு. ஊருக்கு வெளியே இருந்த குளத்தில் நீளவால் தாமரைக்கோழி வரும். பிடரியில் தங்க நிறம், வளைந்து தொங்கும் கறுப்பு வால். தாமரை இலைமேல் தரையில் நடப்பது மாதிரி நடக்கும். அதைக் குஞ்சுகளோடு எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைந்தேன்.

அன்று வழியில் ஒரு கீரிக் குடும்பத்தைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போய் வரிசையாக அமுக்கித் தள்ளிவிட்டேன். குளத்தங்கரைக்கு வந்தால், கரையோரத்திலேயே தாமரைக்கோழி! பின்னால் குஞ்சுகள், பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. கேமராவைப் பார்த்தேன். ஒரு பிலிம்தான் பாக்கி. கையில் வேறு ரோல் இல்லை. வரப்பில் குனிந்து குனிந்து நகர்ந்தேன்.

காலுக்கு முன்னால் ஒரு நாற்று முடி, நடவுக்குக் கட்டிய நாற்றுக்கட்டு, வந்து விழுந்தது.

நிமிர்ந்தால் ஏழெட்டுப் பெண்கள், முழங்கால் வரை சேறு. நடவு நேரத்தில் வரப்பில் வருகிற வெளியாள் காலடியில் இப்படி நாற்று முடியை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏதாவது கொடுக்காமல் அதைத் தாண்டக் கூடாது.

“என்னண்ணே, பதுங்கிப் பதுங்கி வாரீக? எங்களையா போட்டோ புடிக்க வந்தீக?” என்றார் முன்னால் நின்றவர்.

சட்டைப் பையைத் தடவினேன். ஒன்றுமில்லை.

“காசு இல்லாட்டிப் போகுது. எங்கள ஒரு போட்டோ புடிச்சிட்டு முடியத் தாண்டுங்க.”

“ஒரே பிலிம்தான் இருக்கு... அந்தக் கோழிக்கு...” என்று குளத்தைக் காட்டினேன்.

“ஆத்தாடி! கோழிக்கு எதுக்குடி போட்டோ? மாப்பிள்ளை வீட்டுக்கா அனுப்பப் போறாக?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, வயலே சிரித்தது.

பார்த்தால் புரியும் என்று கேமராவை முன்னால் நின்றவரிடம் நீட்டிவிட்டேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கண்ணை வைத்தார். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு பருந்து வட்டமடித்தது.

“அடியே! குஞ்செல்லாம் றெக்கைக்குள்ள போகுதுடி! காலு மட்டும் வெளிய தொங்குது!”

“ஏத்தா, இங்கன குடு, நான் பாக்குறேன்!”

கேமரா கை மாறியது. என் உயிரும் கூடவே போனது. வெறும் கண்ணுக்குக் கோழி சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரிதான் தெரிந்தது. என் கேமராவில் எல்லாரும் பார்க்கிறார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை! “பட்டனை மட்டும் அமுக்கிறாதீக!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

‘கிளிக்’ என்றது. அடுத்த நொடி, பிலிம் தீர்ந்துபோனதால், கேமரா தானாகவே ரோலைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

“அண்ணே, இது என்னமோ கத்துது!” என்று கடைசியாக வாங்கிய பெண் கேமராவைத் தூக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. “வேணும்னு அமுக்கலண்ணே. தாய்க்கோழி குஞ்சை அணைச்சதப் பாத்ததும் வெரலு தானா போயிருச்சு.”

கோழி தாமரைக்கூட்டத்துக்குள் மறைந்தே விட்டது. அழுகை வருவது மாதிரி இருந்தது. அவரோ எனக்கு முன்பே அழுதுவிடுவார் போலிருந்தது. அவரைத் தேற்ற வேறெதுவும் தோன்றாமல், “அது தாயில்ல. தகப்பன். இந்தப் பறவையில குஞ்சை வளக்கிறதெல்லாம் தகப்பன்தான்” என்றேன்.



“எங்க வீட்டுலயும் ஒரு தகப்பன் இருக்கே! அதையும் அந்தக் குளத்துலயே விட்ருங்கண்ணே!” என்றார் முதலில் பார்த்தவர். அந்தச் சிரிப்பில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நாற்று முடியை அவரே எடுத்து எனக்கு வழி விட்டார்.

சாயங்காலமே தேனிக்கு பஸ் ஏறி, போட்டோ லேப்பில் ரோலைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். கீரிப் படங்கள் எல்லாம் கேமரா ஆடி மங்கிப்போயிருந்தன. கடைசிப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நட்டநடுவில் தாமரைக்கோழி. றெக்கைக்கு அடியில் குஞ்சுகளின் கால்கள் கீரைத்தண்டு மாதிரித் தொங்கின. துளி ஆட்டமில்லை!

ஒளிந்து ஒளிந்து தனியாக நான் பார்த்த எத்தனையோ பறவைகள் மறந்துவிட்டன. அந்தப் பெண்கள் கத்திக் கத்திச் சொல்லக் கேட்ட அந்த ஒன்றுதான், என் கண்ணாலேயே பார்த்தது போல இன்றும் நிற்கிறது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. புது ரோல் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், அவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தேன். தாமரைக்கோழி வரவில்லை.