தலைவலி இல்லை என்றார்

என் கணவருக்கு இந்தி தெரியும். எனக்குத் தெரியாது. அதை வைத்து மூன்று நாள் என்னை முட்டாளாக்கினார்.

இருபத்திரண்டு வருஷம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு மார்த்தாண்டத்துக்குத் திரும்பியவர். கல்யாணமான புதிதில், போனில் என்ன பேசுவதென்று தெரியாமல், பனிமலைக்குப் போய் ஐஸைக் கையால் தொட வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த லீவுக்குப் போவோம் என்றார். ஒவ்வொரு லீவுக்கும் அதையே சொன்னார். வீடு கட்டினோம், மகளைக் கட்டிக்கொடுத்தோம். ஒருவழியாகப் போன மே மாதம் உத்தராகண்டில் ஒரு நடைபயணக் குழுவோடு சேர்ந்தோம். பனியாறு வரை நாலு நாள் ஏற்றம். வழிகாட்டி ஒருவரும், சாமான் சுமக்கிற கழுதைகளோடு ஒரு கழுதைக்காரனும் கூட வந்தார்கள்.

நான் தினமும் மேட்டு ரப்பர் விளையில் ஏறி இறங்கி மரத்தில் பால் வெட்டுகிறவள். எனக்கு ஏற்றம் பெரிதாகத் தெரியவில்லை. இவர்தான் இரண்டாம் நாளிலிருந்தே பின்தங்கினார். பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

"சவூதியில லாரி ஓட்டுனீங்களா, லாரியில கெடந்து உறங்குனீங்களா?"

"நீ நட ஏட்டி. நான் படம் எடுத்துட்டு வாறேன்."

படம் ஒன்றும் எடுக்கவில்லை. மேலெல்லாம் தைல வாசனை அடித்தது. கேட்டதற்குக் குளிருக்கு என்றார். தினமும் காலையில் வழிகாட்டி டீ கொண்டுவந்து இவரிடம் ஏதோ கேட்பார். இவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்.

"என்ன கேக்காரு?"

"நல்லா உறங்குனீங்களான்னு கேக்கான்."

நாலாம் நாள் காலையில் ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வழிகாட்டி ஓடிவந்து சத்தம் போட்டார். குழுவில் ஒரு திருவனந்தபுரத்துப் பெண் இருந்தாள். அவளுக்கு இந்தி தெரியும், எனக்கு மலையாளம் தெரியும்.

"தலவேதன உண்டோன்னாணு சேச்சி, அயாள் எந்நும் சோதிச்சது" என்றாள்.

வழிகாட்டி தினமும் கேட்டது தலைவலி இருக்கிறதா என்றுதான். இருந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. இரண்டாம் நாளிலிருந்தே இவருக்கு மண்டை பிளந்திருக்கிறது. சொன்னால் நானும் கூடவே இறங்கிவிடுவேன் என்று மறைத்திருக்கிறார்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? செத்துப் போனா நான் இங்கேருந்து எப்படித் தூக்கிட்டுப் போவேன்?"

"சும்மா கெட. கழுதைக்காரன் என்னைக் கீழ முகாம்ல கொண்டு விடுவான். நீ போய்த் தொட்டுட்டு வா."

வழிகாட்டியும் போகலாம் என்றார். ஆயிரம் அடி இறங்கினாலே சரியாகிவிடுமாம். போனேன். ஆசையில் இல்லை, கோபத்தில் நடந்தேன். கோபத்தில் நடந்ததால் எல்லோரையும் முந்தினேன். ஒரு மணி நேரத்தில் ஐஸ் தெரிந்தது. வெள்ளையாகக்கூட இல்லை. மண்ணும் கல்லும் அப்பிய அழுக்குச் சுவர். இன்னும் இருநூறு, முந்நூறு அடிதான் இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அந்தப் பெண்ணிடம், கீழே இறங்கினால் நிச்சயமாகச் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"மிக்கவாறும்" என்றாள்.

பெரும்பாலும் என்று அர்த்தம். நிச்சயம் என்று அவள் சொல்லவில்லை. அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பினேன். இறக்கத்தில் ஓடி, இரண்டு இடத்தில் விழுந்து, உள்ளங்கை கிழிந்து கீழ் முகாமுக்கு வந்தால், இவர் கழுதைக்காரனோடு டீ குடித்துக்கொண்டு இந்தியில் கதை அளந்துகொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"தொட்டியா?"

"இல்ல."

"இல்லியா? பின்ன என்னத்துக்குட்டி நான் இந்தப் பாடு பட்டேன்?"

"யாரு படச் சொன்னா? நான் சொன்னேனா?"

கழுதைக்காரன் எழுந்து கழுதைகளிடம் போய்விட்டான். அவர் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மத்தியானம் மற்றவர்கள் வந்ததும் எல்லோரும் இறங்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும், நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"மண்டையில இடது பக்கம் இன்னும் வலிக்கு."

அவர் தோளிலிருந்த பையைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். "வலிச்சா நில்லுங்க" என்றேன். நின்றார். நானும் நின்றேன்.