அப்பாவின் போட்டு நடுத்தண்ணீரில் நின்ற காரணம்

எங்கள் அப்பா மறையூரில், கரும்பாலைக் கொட்டகை ஒன்றில் பாகு காய்ச்சிய குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பிழைப்புக்காக உடும்பஞ்சோலைப் பக்கம் வந்து, ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் மிஷினைப் பழுதுபார்த்து, அதில் கிடைத்த கைத்திறனோடு போட்டு என்று நாங்கள் சொல்லும் பழைய ஃபைபர் படகு ஒன்றையும் சின்ன எஞ்சின் ஒன்றையும் வாங்கினார். அணைக்கு இக்கரையிலிருந்து அக்கரைத் தோட்டத்துக்கு வேலையாட்களைப் பதினெட்டு வருடம் ஏற்றி இறக்கினார்.

அப்பா அன்பானவர், பொறுமைசாலி என்றெல்லாம் இந்த நினைவு மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்பாவின் மகள் என்பதால் அவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். அப்பாவுக்கு அன்பு உண்டு, பொறுமை கிடையாது. சந்தேகம் மட்டும் நிறைய உண்டு. பால்காரர் வந்தால் முகர்ந்து பார்ப்பார். யாராவது வழியில் நிறுத்தி நலம் விசாரித்தால், "இவன் எதுக்கு இன்னைக்கி இவ்வளவு சிரிக்கான்?" என்று வீடு வரும்வரை யோசிப்பார். வானத்தையும் நம்பமாட்டார். காற்று லேசாகத் திரும்பினாலும் போட்டை எடுக்கமாட்டார். லைஃப் ஜாக்கெட்டின் வாரை ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்ப்பார். பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூடத் தண்ணீரில் விழவில்லை என்றால் அது அந்தச் சந்தேகத்தின் புண்ணியம்தான்.

அப்பாவும் எங்கள் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், கடைசி நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை என்பது உறவினர் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சண்டை வந்த அந்த வருடம் எஞ்சின் மக்கர் செய்யத் தொடங்கியது. கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிடம் நன்றாக ஓடும். சரியாக நடுத்தண்ணீரில் இருமி இருமி நின்றுவிடும். எஞ்சினுக்குக் குழாய் போகும் தனி பெட்ரோல் டேங்கின் மூடியை அப்பா திறந்து முகர்ந்து பார்ப்பார், விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார், மூடிவிட்டுக் குழாயின் நடுவிலிருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிக் கயிற்றை இழுப்பார். உடனே ஓடும். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். குழாயைப் புதிதாகப் போட்டார். ஒன்றும் சரியாகவில்லை.

மிச்சம் இருந்தது பெட்ரோல். டவுனிலிருந்து கேனில் வாங்கிவந்து டேங்கில் ஊற்றுவது மாமா.

"மாப்ள, பெட்ரோல்ல என்னத்தக் கலக்குத?"

"ஏன் அத்தான், ஒங்க வாயில ரெண்டு சொட்டு ஊத்தட்டுமா? குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தினமும் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். பதினோரு பாட்டில் வைத்தார். ஒன்றிலும் தண்ணீர் இல்லை. "விவரமாக் கலக்குதான்" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அக்கரையில் ஏலக்காய் ஸ்டோரில் நான் வேலை பார்த்தேன். டேங்கைக் கரையில் விட்டால் யாராவது எதையாவது செய்துவிடுவார்கள் என்று அப்பா தினமும் அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். கரையிலிருந்து வீடு திரும்பும் மாலை ஜீப்பில் அப்பா டிரைவர் பக்கத்தில் உட்காருவார், டேங்க் பின்னால் பெண்கள் காலடியில் இருக்கும். வளைவுக்கு வளைவு பெட்ரோல் வாடை. ஒரு அக்கா தினமும் வாந்தி எடுப்பார். "ஏட்டி, அந்த ஓட்டைய அடையேன், கொடலே வெளிய வந்துரும் போலிருக்கு" என்றார். மூடியின் மேல் ஊசித் துளை ஒன்று இருந்தது. எங்கள் மலையில் ஜீப் டேங்க் ஒழுகினால் பார் சோப்பைப் பிசைந்து அடைப்பது எல்லோரும் செய்வது. நானும் சோப்பைப் பிசைந்து அந்தத் துளையில் அழுத்திவிட்டேன். காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். சோப்பு அழுக்கேறி மூடியின் நிறத்துக்கே வந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கான வழி அது என்பது எனக்குத் தெரியாது. அப்பா மூடியைத் திறந்து முகரும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் எஞ்சின் மறுபடி ஓடியிருக்கிறது.

ஒருநாள் ஒன்பது பேரோடு நடுத்தண்ணீரில் நின்றோம். அன்று காற்று இல்லை, பேச்சும் இல்லை. அப்பா மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று உள்ளே காற்று இழுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம் ஹேர்பின் வாங்கிக் குத்தினார். சோப்பு உதிர்ந்தது.

"பாத்தீங்களா? எவனோ வேணும்னே அடச்சிருக்கான்."

ஜீப்பில் வாந்தி எடுக்கும் அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அன்று மாலையே அப்பா மாமா வீட்டு வாசலில் நின்று கத்தினார். போட்டைச் சேர்ந்து ஓட்டலாமா என்று மாமா எப்போதோ கேட்டிருந்தார், அதுவும் குற்றமாகிவிட்டது. "தொழிலப் புடுங்கத்தான ஒம்பது உசுர நடுத்தண்ணியில நிறுத்துன?" மாமா கதவைச் சாத்தினார். மறுவருடம் என் கல்யாணம் தாய்மாமன் இல்லாமல் நடந்தது. மணவறையில் என் கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்து உறவினர் நின்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் இல்லை.

கடைசி மாதம் நெஞ்சுச் சளியோடு அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நர்ஸ் தரும் மாத்திரையை வாங்கமாட்டார். "இது வேற கலரா இருக்கே" என்பார். என்னைக் கூப்பிட்டு, "நீ குடு, முழுங்குதேன்" என்று வாயைத் திறப்பார். சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயெடுத்தேன். உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனிதர் என்னை மட்டும் நம்பி வாய் திறந்து படுத்திருந்தார். என்னால் முடியவில்லை. சொல்லாமலே அனுப்பிவிட்டேன். அது என்னை அறுக்கிறது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், மழையிலும் சுமந்து வந்த போட்டுத்துறை நண்பர்களுக்கும், பத்து நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து லயத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தனை அவமானத்துக்குப் பிறகும் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிய மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை.

அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். அம்மா, "என் தம்பி வந்து உக்காராம இந்த வீட்டுல இல போடக் கூடாது" என்றார். இந்த மலரின் முதல் பிரதியை மாமா வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். கதவு திறக்குமா என்று தெரியாது.

வருட நினைவு நாளுக்கு வரும் உறவினர்களே, நண்பர்களே, அன்று பந்தி தாமதமானால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாமாவுக்காகக் காத்திருப்போம்.