செருப்பு விடுகிற இடம்

தந்தூரி அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டுதான் இனோபாத் ஓபா பேசுவார். தலை அடுப்புக்குள், குரல் தெருவில். ஒரு கை, கறி வைத்த சம்சாவைச் சூட்டுச் சுவரில் ஒட்டும். மறு கை வெளியே நீண்டு, போகிற ஆளை நிறுத்தும். தாஷ்கண்டிலிருந்து தூரமான எங்கள் ரிஷ்தான் ஊரில், தெருவுக்கே அவர் ஓபா, அதாவது அக்கா. அவரைவிட மூத்த கிழவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வேறு மாதிரிக் கூப்பிட்டுப் பார்க்க எவனுக்கும் துணிச்சல் இல்லை.

முன்பற்கள் தங்கம். சிரிப்பு அதிகம், அதைவிட அதட்டல் அதிகம். மெஷின் எதுவானாலும் மரியாதைதான். துணி துவைக்கும் மெஷின் மக்கர் பண்ணினால், "அவங்களுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல" என்பார். காலஞ்சென்ற புருஷனுக்கு இந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு மோடம் வந்தபோதும் அப்படியே. எங்கள் பக்கம் பெரிய விருந்தாளி வந்தால் வாசலிலிருந்து ஆகத் தள்ளி, அறையின் கடைக்கோடியில் உட்கார வைப்போம். கதவை ஒட்டின இடம் செருப்புக்கு. கம்பி இழுக்க வந்த ஆளை அதட்டி, மோடத்தை விருந்தறையின் கடைக்கோடி மாடத்தில், தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே வைக்கச் செய்தார் ஓபா. மேலே பூவேலை செய்த பட்டுத் துணி வேறு. மோடம் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருமகள் நஸோகத்தின் அறைக்கு ஒரு சொட்டு வைஃபை வரவில்லை. வருமா? எங்கள் மண்சுவரின் கனம் அப்படி. இந்த அறையில் அடித்துக்கொண்டால் அடுத்த அறைக்கு அது வதந்தியாகத்தான் போய்ச் சேரும்.

நஸோகத், தாஷ்கண்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே திரையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். விருந்தறையில் ஓபாவின் அதட்டல் ஓயாது; அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்க, முற்றத்து மரக்கட்டிலில் பஞ்சு அங்கியைப் போர்த்திக்கொண்டு, உதடு நீலம் பாரிக்கப் பாடம் நடத்தினாள். அங்கேயும் படம் பாதியில் உறைந்துபோகும். இன்னொரு தரம் உறைந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. மகன் எல்மூரோத் பஸ் நிலையம் பக்கம் அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்துவிட்டு, சாமான் ஏற்ற என் வேனைக் கேட்டான். சனிக்கிழமைப் பாடம் ஒழுங்காக ஓடினால் இருப்பார்கள். நின்றால் அன்றைக்கே கிளம்புவார்கள்.

ஓபா அழவில்லை. "போறவங்க போகட்டும், எனக்கென்ன" என்றார். மறுநாள் என் வேனில் ஏறி ஃபெர்கானா சந்தைக்குப் போய், வைஃபையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகிற மூன்று வெள்ளைப் பெட்டிகளை வாங்கி, திரும்புகிற வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "மெதுவா ஓட்டு. உள்ள ஆள் இருக்காங்க."

சனிக்கிழமை காலை வேனோடு போய் நின்றேன். மெத்தைகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. முதல் பெட்டியை எல்மூரோத் மோடத்தோடு கம்பியால் இணைத்திருந்தான். மற்ற இரண்டையும் ஓபா தன் கையாலேயே வைத்திருந்தார். எங்கே? மருமகள் அறையின் கடைக்கோடியில், ஜோடியாக, பட்டு மெத்தை மேல். இரண்டிலும் சிவப்பு விளக்கு.

"ஏன் செவந்துபோயிருக்காங்க?"

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி உக்கார வெச்சா வெக்கப்படாம என்ன பண்ணுவாங்க" என்றேன்.

"நீ வாய மூடு, வேன்காரா."

எல்மூரோத் போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, ஒண்ணு வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கணும். பாதி வழியில ஒருத்தர் நிக்கணும். விருந்தறைக் கதவுகிட்ட வெச்சாத்தான் ரெண்டு பக்கமும் எட்டும்" என்றான்.

"கதவுகிட்டயா? செருப்புப் பக்கத்துலயா? நேத்து வந்தவங்கள? ஊரு காறித் துப்பும்டா!"

அப்போது நஸோகத் பஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு, மரக்கட்டிலின் மேலிருந்த பனியைக் கையால் தள்ள ஆரம்பித்தாள். ஓபா அதைப் பார்த்தார். இரண்டு எட்டில் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விருந்தறைக் கதவோரம் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கினார். தலைத்துணி முனையால் செருப்புப் பலகையைத் துடைத்தார். "கோவிச்சுக்காதீங்க, வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சிவப்பு மினுங்கியது. பச்சை. அறைக்குள் இருந்ததும் பச்சை.

ஆனால் நஸோகத்தின் கணினி விருந்தறை மோடத்தின் பழைய வைஃபையையே தேடிப்போய் இழுத்துக்கொண்டு நின்றது. ஓபா இடுப்பில் கை வைத்தார்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்பிட்டா அது யாருகிட்டடா போகும்? இந்த வீட்டுல சத்தம் போட நான் ஒருத்தி போதும். அந்த மோடம் மாப்பிள்ளைய வாய மூடிக்கிட்டுத் தண்ணிய மட்டும் கம்பி வழியா இங்க விடச் சொல்லு. பந்தி பரிமாற இவங்க இருக்காங்க."

எல்மூரோத் மோடத்தின் வைஃபையை அணைத்தான். நஸோகத் தன் அறைக்குள் போய்க் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, பாடத்தைத் தொடங்கினாள். நாங்கள் மூவரும் ஜன்னலுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து தாஷ்கண்டுக் குழந்தை ஒன்றின் குரல் கணீரென்று வந்தது.

"டீச்சர், இன்னைக்கு நீங்க கண்ண சிமிட்டுறதுகூடத் தெரியுது!"

எல்மூரோத் என் தோளைத் தட்டினான். "வேன எடுத்துட்டுப் போங்கண்ணே."

"போகும்போது தெருவெல்லாம் சொல்லிட்டுப் போ" என்றார் ஓபா. தங்கப் பற்கள் அத்தனையும் வெளியே. "இந்த வீட்டுல செருப்புகிட்ட நின்னாலும் வைஃபை வரும். வேணும்னா மாட்டுக்கும் வரும்!"

பாடம் பின்னம் வரை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்குக் கீழே ஓபாவின் சேவல் வந்து நின்று, கழுத்தை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தியது. ஓபா செருப்பை உதறிவிட்டுப் பனியில் வெறுங்காலோடு ஓடினார். சேவலை அப்படியே அள்ளி அக்குளில் இடுக்கி, அதன் அலகை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, பாடம் முடிகிறவரை ஜன்னலோரம் அசையாமல் நின்றார்.