கம்போடியாவுக்கு ஒரு பெட்டி பால்பவுடர்

இன்று டூட்டி முடிந்து, வளைகுடாவில் நஜ்மா ஏரியாவில் நாங்கள் தங்கியிருக்கும் ரூமுக்கு வந்தால், என் கட்டிலில் ஏழு கிலோ அட்டைப்பெட்டி. பால்பவுடர், தைலம், சோப்பு.

"நீ லீவுல போறேல்ல? பரமக்குடியில என் வீட்ல குடுத்துரு" என்றார் பக்கத்துக் கட்டில் செல்வம் அண்ணன்.

"நான் ஊருக்குப் போகலண்ணே. கம்போடியா போறேன். அங்க பழைய சிவன் கோயில் எல்லாம் சைக்கிள்லயும் படகுலயும் சுத்திப் பாக்க."

"யாரு கூட?"

"தனியா."

ரூமே சிரித்தது. "தனியாப் போறவன் கோயிலுக்கா போவான்? இரு, ஒங்க அம்மாட்ட சொல்றேன்" என்றார் அண்ணன்.

மூன்று லீவாக இவர் பெட்டிக்கு இடம்விட்டு, என் சட்டைகளை இங்கேயே போட்டுவிட்டுப் போனவன் நான். பெட்டியை அவர் கட்டிலுக்குத் தள்ளினேன்.

"அப்ப டிக்கெட்ட மாத்து" என்று திருப்பித் தள்ளினார்.

அந்த ஊர்ச் சிவனுக்குப் பால்பவுடரில் அபிஷேகம் செய்யலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.