மஞ்சள் துணி கட்டிய பாலை மரம்

நாலு முழ நீளத்துக்கு மஞ்சள் துணி. எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்கா தன் பழைய புடவையிலிருந்து கிழித்தது. ஹாஸ்டல் வாளியில் மஞ்சள்தூள் கரைத்து முக்கியெடுத்தது நான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு நான் வேலைக்கு வந்த புதிது அது. அந்தத் துணி ஒரு மரத்தைக் காப்பாற்றிவிடும் என்று இரண்டு பேரும் மனதார நம்பினோம்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது அந்தப் பாலை மரம். கடலோரக் காடுகளின் மரம். வளர ஒரு ஆயுசு வேண்டும். வெயில் காலத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் உதிரும். ஷிப்ட் முடிந்து வருகிற நாங்கள் பொறுக்கித் தின்போம். பால் ஒட்டிக்கொண்டு உதட்டைத் திறக்கவே முடியாது. நிலமெல்லாம் தொழிற்சாலையாகிவிட்ட அக்காவின் ஊரில் மிச்சமிருந்த பாலை அது ஒன்றுதான்.

சாலையை அகலப்படுத்த அதன் மேலும் குறி போட்டார்கள். அளக்க வந்த அதிகாரியிடம் அக்கா மல்லுக்கு நின்றாள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "இது அழியற நிலையில இருக்கிற மரம் இல்லைம்மா. வேற எடத்துல எல்லாம் நிறைய இருக்கு. சட்டப்படி தடுக்க முடியாது."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஒலகத்துல எங்கியோ கீதுன்னா, எங்கூர்ல இல்லாம பூடலாமா சார்?"

மறுநாளே துணியைக் கட்டி, குங்குமம் வைத்து, அடியில் ஒரு செங்கல்லை அம்மனாக நட்டோம். அக்கா சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. ஆனால் பொக்லைன் ஓட்டி வந்தவர் அம்மனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். சாலையே கொஞ்சம் வளைந்து போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. வேரின் மேல் சிமென்ட் பூசி டைல்ஸ் பதித்தார்கள். அடிமரத்தை ஒட்டிக் கற்பூரம் எரித்தார்கள். தகரக் கூரை போடக் கிளைகளை வெட்டினார்கள். இலை கொட்டத் தொடங்கியதும் அக்கா கடப்பாரையோடு போய் டைல்ஸைப் பெயர்க்கப் பார்த்தாள். "அம்மன் மேலயே கை வெக்கிறியா?" என்று அவள் ஊர்க்காரர்களே அடிக்க வந்தார்கள். அவள் வைத்த அம்மன்! அன்று பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இப்போது மரம் பட்டுப்போய்விட்டது. கோயில் மட்டும் ஜம்மென்று இருக்கிறது, ஸ்பீக்கரோடு. போன மாதம் அக்கா என்னைச் சத்தமில்லாமல் கோயிலுக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். முள்ளுச்செடிகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் ஒரு பாலைக் கன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாமல் யாராவது மிதித்துவிட்டால்? அடையாளத்துக்கு ஏதாவது கட்டலாம் என்று என் மஞ்சள் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வோணாம்மா. துணிகினி ஒண்ணும் கட்டாத. அது பாட்டுக்கு மரமாவே வளரட்டும்."